சகலன் வீட்டுக் குளம்

எங்கள் குடும்பத்தில் ஒருவர் இருந்தார். எந்த மண்டபத்துள் நுழைந்தாலும் அவர் முதலில் மேடையைப் பார்க்கமாட்டார், பின்கதவைப் பார்ப்பார். அது பூட்டியிருந்தால் திறப்பு யாரிடம் இருக்கிறதென்று விசாரிப்பார். திறப்பு வைத்திருப்பவரின் முகத்தை நன்றாக அடையாளம் கண்டுகொண்ட பின்னரே கதிரையில் அமர்வார். அந்தக் கதிரையும் கடைசி வரிசையில் ஓரக் கதிரையாகவே இருக்கும்.

அவர் என் சகலன். என் மனைவியின் தமக்கையை மணந்தவர். அவருடைய பெயரை இங்கு எழுதுவதாக இல்லை. கண்டியில் அவரை அறிந்தவர்களுக்குப் பெயர் தேவைப்படாது. அறியாதவர்களுக்குப் பெயரால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மேலும் நான் சொல்ல வந்தது பெரும்பாலும் ஒரு குளியலறையைப் பற்றியது. கண்ணியமான ஒரு குடும்பத்தின் பெயர் குளியலறை விடயத்தில் அச்சேறுவதை நான் விரும்பவில்லை. அவர் காலமாகிவிட்டார் என்பதால் அந்தக் கடமை எனக்குக் குறைந்துவிடாது.

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வன்னியில் பல குளங்களைத் திருத்தியவர். நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், நிருவாக உத்தியோகம் பார்த்தவன். குளங்களைக் கோப்புகளில் மட்டுமே கண்டவன். அந்த வேறுபாட்டை அவர் ஒருபோதும் சுட்டிக்காட்டியதில்லை. ஆனால் என்னிலும் சில ஆண்டுகளே மூத்தவராயிருந்தும், நான் பேரப்பிள்ளை கண்ட பின்னரும், என்னைத் 'தம்பி' என்றே அழைத்தார்.

"தம்பி, தண்ணியை மறிக்கிறது ஒரு பெரிய வேலையில்லை. அது கோபிச்சுக்கொண்டு வெளிக்கிடேக்கை எந்தப் பக்கத்தாலை போகவேணும் எண்டு நாங்கள் முதலே அதுக்குச் சொல்லி வைக்கவேணும். சொல்லாட்டில் அது தானே ஒரு வழியைத் தேடும்" என்பார்.

குளத்தில் மிகுந்த நீர் வழிந்தோடுவதற்கு வைக்கும் வாயை 'வான்' என்பார்கள். வான் எங்கே என்று தீர்மானித்த பின்னரே அணையின் முதற்கூடை மண் விழவேண்டும் என்பது அவருடைய தொழிலின் விதி. அலுவலகத்தோடு நிற்கவேண்டிய அந்த விதியை அவர் வீட்டுக்கும் கோவிலுக்கும் கலியாணத்துக்கும் கொண்டுவந்தார்.

என் கலியாணத்திலேயே அதைக் கண்டேன். மணவறையில் நான் அமர்ந்திருக்க, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, அவர் குனிந்து என் காதருகே கேட்டார்: "தம்பி, தாலி கட்டின பிறகு எந்த வாசலாலை போறதெண்டு பாத்து வைச்சனீரோ?"

மணமகனிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது! எனக்கு அவரை அப்போது அவ்வளவு பழக்கமில்லை. பெண்வீட்டாரில் ஒருவர் என்னை மறைமுகமாக எச்சரிக்கிறார் என்றே எண்ணினேன். விடயம் அதுவன்று. அன்று மழை பெய்தது. முன்வாசலில் கார்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நின்றன. விருந்தினர் குடையின்றிக் கூச்சலிட்டனர். நானும் என் மனைவியும் மடைப்பள்ளிக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையால், கூறைச்சேலையில் ஒரு துளி படாமல், அவர் முன்கூட்டியே நிறுத்திவைத்த காரில் ஏறிப் போனோம்.

எங்கள் வீடும் அவர்கள் வீடும் கட்டுகஸ்தோட்டைக்கு மேலே ஒரே மலைப்பாதையில் இருந்தன. எங்களுடையது சற்று மேலே, அவர்களுடையது கீழே. பாதை ஒடுக்கமானது. வேறெவரும் வந்தவுடன் காரை நிறுத்திவிட்டு உள்ளே வருவார்கள். அவர் முதலில் காரைத் திருப்புவார். முன்னும் பின்னுமாக ஓட்டி, பூச்சாடி ஒன்றை இடித்து, காரின் முகம் வீதியைப் பார்க்கும்படி நிறுத்திய பின்னரே இறங்குவார். அதற்குள் தேநீர் ஆறிவிடும்.

"அத்தார் வந்திட்டார். ஆனால் இன்னும் வரேல்லை" என்பாள் என் மனைவி, யன்னலால் பார்த்தபடி.

இந்தப் பழக்கத்தை நாங்கள் பகிரங்கமாகவே கேலி செய்தோம். அவருடைய காணியின் கீழ் எல்லையில், மடவளையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஹாஜியாரின் வளவுக்கு இறங்கும்படி ஒரு சிறு படலையை வைத்திருந்தார். அதனால் போவார் வருவார் எவருமில்லை. "கோழி போறதுக்கோ அண்ணை?" என்று நான் கேட்பதுண்டு. தமிழருக்கெதிரான கலவரம் நடந்த ஆண்டில் ஒரு பிற்பகல், மேல்வீதியில் புகை தெரிந்தபோது, இரண்டு குடும்பங்களையும் அவர் அந்தப் படலையால்தான் இறக்கினார். ஹாஜியார் வீட்டு அறையில் இருந்தோம், எல்லாம் அடங்கும்வரை. திரும்பி வந்த பின்னர் அவர் படலையின் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டதைக் கண்டேன். அதன் பிறகு எவரும் அவரைக் கேலி செய்தாலும் அதில் கொஞ்சம் மரியாதை கலந்திருந்தது.

இனித் தொட்டிக்கு வருகிறேன்.

என் மைத்துனி, அதாவது அவருடைய மனைவி, கணித ஆசிரியை. நிமிர்ந்து நடப்பவர். அறுபத்தைந்து கடந்ததும் மூட்டுவாதம் அவரைப் பிடித்தது. முதலில் விரல்கள், பின்னர் முழங்கால்கள், கடைசியில் இடுப்பு. குளிப்பதென்றால் முக்காலியில் இருத்தி, வேலைக்கு நின்ற பார்வதி கோப்பையால் வெந்நீர் அள்ளி வார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் வைத்துத் தலைமுழுகுவது, எங்கள் பேச்சில் தோய்வது, சாப்பாட்டுக்கு அடுத்த தேவை. அது அவருக்கு இல்லாமற் போயிற்று.

"நோவைப் பொறுத்துக்கொள்ளுவன். இந்தக் கோப்பைக் குளிப்பைத்தான் பொறுக்க ஏலாமல் இருக்கு. என்னைப் பூச்சாடி மாதிரி நனைக்கிறாள்" என்று அவர் ஒருநாள் என் மனைவியிடம் சொல்லி அழுதார். அதற்கு முன்னர் அவர் அழுது நாங்கள் கண்டதில்லை.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பிள்ளை, கழுத்தளவு இளஞ்சூட்டு நீரில் கிடந்தால் மூட்டுகள் இளகும் என்று சொன்னாள். அவ்வளவுதான். அடுத்த கிழமை கடுகண்ணாவைப் பக்கம் உடைத்துக்கொண்டிருந்த ஒரு பழைய துரை பங்களாவிலிருந்து, உள்ளே வெள்ளை பூசிய பெரிய இரும்புத் தொட்டி ஒன்று, சிங்கப் பாதம் போன்ற நான்கு கால்களோடு லொறியில் வந்து இறங்கியது. அதைச் சுமந்தவர்கள் இட்ட கூச்சலில் மலைப்பாதை முழுவதும் வாசலுக்கு வந்து பார்த்தது.

எனக்கு அது சங்கடமாக இருந்தது. கோவிலில் என்னை நிறுத்திக் கேட்டார்கள். நான் அவரிடம் சென்று பேசவேண்டியதாயிற்று.

"அண்ணை, சனம் கதைக்குது."

"என்னவாம்?"

"எழுபதைத் தாண்டின பிறகு துரைமார் மாதிரிப் படுத்துக்கிடந்து குளிக்க ஆசை வந்திட்டுதாம்."

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கெண்டே சொல்லட்டும். உம்மட மச்சாளுக்கெண்டு தெரிஞ்சால் அவவுக்கு வெக்கமாயிருக்கும்." அவர் தொட்டியின் அடியில் இருந்த ஓட்டைக்குள் இரண்டு விரல்களை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப சொல்லும். இவ்வளவு தண்ணியும் ஒரேயடியாய் இதாலை வெளிக்கிட்டால் எங்கை போகும்?"

அதற்குப் பிறகு நான் மானம் மரியாதை பற்றி எதைச் சொல்லியும் பயனிருக்கவில்லை.

அவர் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. அந்த வீடு சரிவில் வெட்டிய தட்டில் நிற்பது. குளியலறை நீர் பழைய ஒடுக்கமான குழாயால் வீட்டின் பின்புறத்து மண்மேட்டோரம் போய்க்கொண்டிருந்தது. கோப்பைக் குளிப்புக்கு அது போதும். தொட்டி நிறைந்த நீர் ஒரே மூச்சில் அதற்குள் பாய்ந்தால் பின்வாங்கிக் குளியலறைத் தரையில் பொங்கும். அல்லது மேட்டுக்குள் ஊறும். மழைக்காலத்தில் ஊறிய மேடு இறங்கி வந்தால் முதலில் நிற்பது ஹாஜியாரின் சமையலறை.

ஆகவே அவர் நீர் வரும் வழியைப் பற்றி நினைக்குமுன், போகும் வழியை வரைந்தார். அகன்ற குழாய் ஒன்று வேலியோரமாக மெல்லிய சரிவில் இறங்கி, ஹாஜியாரின் வளவைக் கடந்து, கீழ்வீதியோரக் கழிவுநீர்க் கானில் விழவேண்டும். திரும்பும் இடந்தோறும் திறந்து பார்க்க ஒரு சிறு குழி. காற்றுப் போக மேலே ஒரு குழல். "காத்துக்கும் வழி வேணும், தம்பி. இல்லாட்டில் தண்ணி விக்கும்" என்றார்.

ஹாஜியாரிடம் அனுமதி கேட்க என்னையும் அழைத்துப் போனார். கச்சேரி உத்தியோகத்தன் கூட வந்தால் கனதியாக இருக்கும் என்று எண்ணினார் போலும். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"என்ன சேர், ஒங்கட வீட்டுக் குளிக்கிற தண்ணி எங்கட வளவுக்குள்ளாலயா போகணும்?"

"ஓம். நிலத்துக்குக் கீழை. ஒரு துளி வெளியிலை தெரியாது."

ஹாஜியார் தாடியைத் தடவினார். உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "டீச்சருக்குத்தானே? நம்மட புள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்த மனுசி. என்னத்துக்கு யோசிக்கிறீங்க?"

"நா எங்க யோசிச்சேன்? தாடியத்தானே தடவினேன்!" என்றார் ஹாஜியார். பிறகு என் சகலனைப் பார்த்து, "ஆனா சேர், பைப்பு ஒடஞ்சா நா போன் எடுத்துச் சொல்ல மாட்டேன். எங்கட கோழி நீந்தி வந்து சொல்லும்" என்றார்.

போக்கு முடிந்த பின்னரே வரத்து. அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. நகரசபை நீர் எங்கள் மேட்டுக்குக் காலையில் மட்டும் வரும்; அதுவும் நூல் போல. கூரையில் இருந்த தண்ணீர்த் தாங்கியிலிருந்து குளியலறைக்கு வந்த பழைய ஒல்லிக் குழாயால் தொட்டியை நிரப்பினால், கடைசி வாளி விழும்போது முதல் வாளி ஆறிப்போயிருக்கும். அதனால் தாங்கியை உயரமான ஒரு மேடையில் ஏற்றி, அதிலிருந்து தொட்டிக்கென்றே பருமனான தனிக் குழாய் இறக்கினார். வெந்நீருக்குக் கூரையில் வெயிற் சூடாக்கி ஒன்று. வெயில் வேண்டுமாதலால் குளிப்பு பிற்பகலில் என்றானது. இரும்பு சூட்டைக் குடித்துவிடும் என்பதால் முதலில் வெந்நீரை விட்டுத் தொட்டியைச் சூடாக்கி, பின்னர் தண்ணீரைக் கலக்கவேண்டும். இதையெல்லாம் அவர் குழாய் பொருத்த வந்த பாஸுக்குச் சிங்களத்திலும், பார்வதிக்குத் தமிழிலும், எனக்கு இரண்டும் கலந்தும் விளக்கினார்.

தொட்டிக்கும் ஒரு வான் வைத்தார். விளிம்புக்குச் சற்றுக் கீழே, மிகுந்த நீர் வழிய ஒரு துவாரம். எவ்வளவு நிரப்பலாம் என்பதற்கு உள்ளே ஒரு நீலக் கோடு போடவேண்டியிருந்தது.

"இஞ்சரப்பா, உம்மட நிறை என்ன?" என்று மனைவியிடம் கேட்டார்.

"ஏன்?"

"நீர் இறங்கினால் தண்ணி எவ்வளவு உயரும் எண்டு பாக்க."

"கலியாணம் முடிச்சு இவ்வளவு காலத்துக்குப் பிறகு அதைக் கேக்கிறதுக்கு உங்களுக்கு இப்பதான் துணிவு வந்ததோ?"

"இப்பதான் தேவை வந்தது."

"ஒரு மூட்டை அரிசிக்குக் கொஞ்சம் குறைவு எண்டு போடுங்கோ. பொய் சொல்லுறன் எண்டு தண்ணிக்குத் தெரியட்டும்."

நிறையைச் சரியாகப் பார்த்த பின்னரே கோடு விழுந்தது. அவரே அரைக்காற்சட்டையோடு ஒருதரம் தொட்டிக்குள் இறங்கிப் படுத்துப் பார்த்தார். நீர் கோட்டைத் தாண்டவில்லை. விளிம்பைப் பிடித்து எழுந்து, ஈரம் சொட்ட வெளியே வந்தார். அடைப்பை இழுத்தார். கீழ்வீதியில் கானோரம் காத்துநின்ற ஹாஜியார் தொலைபேசியில் கத்தினார். "வந்துட்டு சேர்! வந்துட்டு! சுத்தமா வருது!" அவ்வளவு மகிழ்ச்சியை நான் என் சகலனின் முகத்தில் அவருடைய மக்களின் கலியாணங்களில்கூடக் கண்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். நல்ல வெயில். நாங்கள் போனபோது என் மைத்துனி தலையில் எண்ணெய் வைத்துக் கொண்டையிட்டு, புதுப்பெண்ணைப் போல நாணத்தோடு கதிரையில் இருந்தார். அவருக்கு அது சாதாரண குளிப்பன்று. அதற்கு முந்தின கிழமை என் மனைவியிடம், "இதுவும் சரிவராட்டில் நான் இனி ஒண்டும் கேக்க மாட்டன், முக்காலியோடையே முடியட்டும்" என்று சொல்லியிருந்தார். அது எங்கள் நால்வருக்கும் தெரியும்.

என் மனைவியும் பார்வதியும் அவரை உள்ளே அழைத்துச் சென்றனர். நான் விறாந்தையில் இருந்தேன்; மைத்துனியின் குளியலறை வாசலுக்கு அருகில் நிற்பதே எனக்கு முறையன்று. என் சகலன் கதவுக்கு வெளியே, தொலைபேசியைக் கையில் பிடித்தபடி நின்றார். கீழே கானோரம் ஹாஜியார்.

"மெதுவா, மெதுவாம்மா. நான் புடிச்சிக்கிறேன். கால விடுங்க" என்று பார்வதியின் குரல் கேட்டது. உயரமான விளிம்பில் இருத்தி, மெல்லச் சரித்து இறக்கினார்கள். இறங்குவது கடினமாக இருக்கவில்லை. நீர் அசைந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"என்னப்பா?" என்றார் அவர், கதவோடு முகத்தை வைத்து.

"நோகேல்லை" என்றார் என் மைத்துனி உள்ளேயிருந்து. ஆச்சரியத்தோடு, கொஞ்சம் பயத்தோடும் சொன்னார். "இஞ்சருங்கோ, எனக்கு நோகேல்லை."

அவர் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்படியே நின்றார். நான் தோட்டத்தைப் பார்த்தேன்.

நெடுநேரம் கிடந்தார். தலைக்கு வார்த்தார்கள். சிரிப்புச் சத்தமும் கேட்டது. பிறகு எழும்ப வேண்டிய நேரம் வந்தது. அப்போதுதான் சத்தம் மாறியது.

"பிடிச்சு எழும்புங்கோ அக்கா."

"எதைப் பிடிக்கிறது? வழுக்குது."

"அம்மா, இப்பிடி திரும்புங்க... ஐயோ, இல்லல்ல, அப்பிடி இல்ல."

எண்ணெயும் அரப்பும் தோய்ந்த இரும்பில் பிடி இருக்கவில்லை. அந்த இடுப்பு விளிம்புக்கு மேலே காலைத் தூக்க மறுத்தது. என் மனைவிக்கும் வயது போய்விட்டது, பார்வதி மெலிந்தவள். இரண்டு பெண்கள் இழுத்தும் அவர் அசையவில்லை. என் மனைவி கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"அத்தார், எழுப்ப ஏலாமல் இருக்கு."

"முதலிலை தண்ணியை வெளியிலை விடுங்கோ" என்றார் அவர் உடனே. ஒரு கணமும் யோசிக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் எந்த இடருக்கும் அவரிடம் இருந்த விடை அதுதான். உள்ளே போய்த் தானே அடைப்பை இழுத்தார்.

அவர் அமைத்த போக்கு அன்றுதான் தன் முழுத் திறமையையும் காட்டியது. ஒரு விக்கல் இல்லாமல், ஒரு துளி பின்வாங்காமல், தொட்டி சில நிமிடங்களில் வெறுமையாயிற்று. அவர் கையிலிருந்த தொலைபேசி கத்தியது: "வந்து முடிஞ்சி சேர்! மாஷா அல்லாஹ், என்னா ஸ்பீட்டு!"

நீர் போனதும் அதுவரை அந்த அம்மையாரைத் தாங்கியிருந்ததும் போய்விட்டது. அவருடைய முழுப் பாரமும் நோவுற்ற இடுப்பில் வந்து இறங்கியது. ஈர இரும்பின் அடியில் குளிரில் கிடந்து அவர் எழுப்பிய குரலை நான் விறாந்தையில் கேட்டேன். அதை எழுதும் அவசியம் இல்லை.

என் சகலன் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை முடிந்து நெடுங்காலம் ஆகவில்லை, பாரம் தூக்கக்கூடாது. என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"ஒரு ஆம்பிளையும் உள்ளுக்கு வரக்கூடாது!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நான் செத்தாலும் வரக்கூடாது!"

"தம்பி," என்றார் அவர். "நான் எல்லாத்துக்கும் வழி வைச்சன். அவவுக்கு வைக்கேல்லை."

தான் இறங்கி ஏறிப் பார்த்தது தன்னுடைய உடம்பால் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவருடைய கையிலிருந்த தொலைபேசியை நான் வாங்கினேன். உதவி கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். அதிலும் இப்படியொரு விடயத்தை அயலவரிடம் எவ்வாறு சொல்வது என்று வார்த்தை தேடினேன். கடைசியில் நேரடியாகவே சொன்னேன்.

"ஹாஜியார், டீச்சர் தொட்டிக்குள்ளை மாட்டிக்கொண்டா. திரும்பத் தண்ணி விட்டால் மிதத்தி எடுக்கலாம். எங்கட தாங்கி முடிஞ்சுது. இனி நாளைக்குக் காலமைதான் பைப்பிலை வரும்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "கெணத்து மோட்டர போடச் சொல்றேன்" என்றார். "சுடுதண்ணிய பொம்புளயள் கொண்டு வருவாங்க."

ஹாஜியாரின் மகன்மார் இருவர் நீண்ட றப்பர் குழாயை மேட்டின் மீது இழுத்து வந்தார்கள். குளியலறையின் உயர யன்னலுக்கு ஏணி வைத்து, முகத்தை மலைப்பக்கம் திருப்பியபடியே அதை உள்ளே செருகினார்கள். கிணற்று நீர் வரத் தொடங்கியது. ஹாஜியாரின் மனைவி இரண்டு மருமகள்மாரோடு, விருந்துக்குச் சோறு சமைக்கும் பெரிய பானையில் வெந்நீரைத் துணி சுற்றிப் பிடித்துச் சுமந்து படலையால் ஏறி வந்தார். என் வீட்டிலிருந்தும் கேத்தில்கள் வந்தன. நான் விறாந்தையில் நின்று அவற்றை வாங்கிக் கதவடியில் கொடுத்தேன்.

உள்ளே நடந்ததை என் மனைவிதான் பின்னர் சொன்னாள். அவசரத்தில் அடைப்பு சரியாகப் பொருந்தவில்லை. சுழித்துக்கொண்டு நீர் இறங்கத் தொடங்கியது. கணவர் என்ற முறையில் உள்ளே விடப்பட்ட என் சகலன் சட்டையோடு முழங்காலிட்டுத் தொட்டிக்குள் குனிந்து, அந்தத் துவாரத்தின் மீது இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நீர் அவருடைய முழங்கை வரை ஏறியது; தோள் வரை ஏறியது; தாடி நனைந்தது. அவர் கையை எடுக்கவில்லை. "இஞ்சரப்பா, இன்னும் கொஞ்சம். இப்ப வந்திடும். இன்னும் கொஞ்சம்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டேயிருந்தாராம்.

நீலக் கோட்டை எட்டியபோது என் மைத்துனியின் அழுகை நின்றது.

ஹாஜியாரின் மனைவி தடித்த படுக்கைவிரிப்பு ஒன்றை நீருக்குள் விட்டு அவருக்கு அடியால் இழுத்து, நான்கு முனைகளையும் நான்கு பெண்களிடம் கொடுத்தார். விளிம்பைச் சுற்றிப் பழந்துணி போட்டாயிற்று. எல்லாம் ஆயத்தம்.

"டீச்சர், பிஸ்மி சொல்லித் தூக்கப் போறோம். நீங்க சும்மா கெடங்க, என்ன?"

"பொறுங்கோ" என்றார் என் மைத்துனி.

"என்ன டீச்சர், நோவுதா?"

"இல்லை. நோகேல்லை." அவர் கண்களை மூடிக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் கிடக்கிறன். கோபிக்காதேங்கோ."

விறாந்தையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஹாஜியாரும் மூச்சிரைக்க மேலேறி வந்து என்னருகில் நின்றார். அயல்வீட்டுப் பெண்கள் விரிப்பின் முனைகளைப் பிடித்தபடி நிற்கிறார்கள். இளைஞர்கள் ஏணியில் முகம் திருப்பி நிற்கிறார்கள். இந்த அம்மையார் கிடக்கிறார். நான் கதவைத் தட்டினேன்.

"அண்ணை, என்ன இது? எப்ப வெளியிலை வரப்போறா?"

உள்ளேயிருந்து அவர் பதில் சொன்னார். தோள்வரை நீருக்குள் குனிந்திருந்ததால் குரல் தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கியது.

"எனக்குத் தெரியாது, தம்பி. நீங்கள் எல்லாரும் போய்த் தேத்தண்ணி குடியுங்கோ."

ஹாஜியார் என் தோளில் கைவைத்து என்னைக் கதிரையில் இருத்தினார். உள்ளே பார்வதி இன்னொரு கேத்தில் வெந்நீரை மெதுவாக ஊற்றும் சத்தம் கேட்டது.